நெருப்பெரிச்சலைத் திருப்பிப் போட்டால் லச்சிரெப்புரெந!

உங்களுக்குத் தெரியுமா? திருப்பூரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஏதாவது ஒரு ‘நிட்ஸ்’ போர்டு கண்ணில் படும். அந்த நிட்ஸை ஆங்கிலத்தில் எழுதுங்கள். கே, என், ஐ, டி, எஸ். இப்போது பின்னாலிருந்து படியுங்கள். எஸ், டி, ஐ, என், கே. ஸ்டிங்க்! அதாவது, நாற்றம்! பனியன் ஊரின் செல்லச் சொல்லுக்குள் இத்தனை நாளும் இது ஒளிந்திருக்கிறது!

கம்ப்யூட்டரின் சி மொழியில் இப்படி ஒரு சொல்லைத் திருப்பிப் போட எத்தனை இடமாற்றம் வேண்டும்? முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இடம் மாறும். இரண்டாவதும் நான்காவதும் மாறும். நடு எழுத்து நின்ற இடத்திலேயே நிற்கும். மொத்தம் 2!

பத்து லட்சம் எழுத்து என்றாலும் கணக்கு இதேதான். சரியாக 5 லட்சம் இடமாற்றம். அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது!

சி மொழியின் முதல் தரநிர்ணயம் 1989-ல் வந்தது. அதில் ஸ்ட்ரிங்குக்கென்றே, அதாவது எழுத்துச் சரத்துக்கென்றே, தனி ஹெடர். உள்ளே 22 ஃபங்ஷன்கள். நீளம் அளக்க ஒன்று, ஒட்ட ஒன்று, ஒப்பிட ஒன்று, பின்னாலிருந்து தேடக்கூட ஒன்று. திருப்பிப் போட? ஒன்றுகூட இல்லை!

“அதெப்படி? காலேஜ் லேபில் ஸ்ட்ர்ரெவ் என்று அடித்தோமே, ஓடியதே!” என்பீர்கள். ஓடியது நீலத் திரை டர்போ சி-யில். போர்லாண்ட் கம்பெனி 1987-ல் கொண்டுவந்த கம்பைலர் அது. ஸ்ட்ர்ரெவ் அவர்கள் தாமாகச் சேர்த்துக் கொடுத்த இனாம். அதே புரோகிராமை லினக்ஸில் ஜிசிசி-யிடம் கொடுத்துப் பாருங்கள். அப்படி ஒரு ஃபங்ஷனே தெரியாது என்று கையை விரித்துவிடும்!

சி மொழியின் வேதப் புத்தகம் 1978-ல் வந்தது. எழுதியவர்கள் பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும். அதன் இரண்டாம் பதிப்பில் 1-19-ம் பயிற்சி என்ன தெரியுமா? ரிவர்ஸ் எழுதுக! மூன்றாம் அத்தியாயத்தில் அவர்களே அதை எழுதிக் காட்டுகிறார்கள். நான்காம் அத்தியாயத்தில் 4-13-ம் பயிற்சி: தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் ரிவர்ஸ் எழுதுக! ஒரே புத்தகம், ஒரே ஸ்ட்ரிங், 3 இடம்!

ஒவ்வொரு சி ஸ்ட்ரிங்கின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத பூஜ்யம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ‘இத்தோடு முடிந்தது’ என்பதற்கு அதுதான் அடையாளம். திருப்பும்போது நீளத்திலிருந்து 1 கழிக்க மறந்தால் அந்தப் பூஜ்யம் முன்வரிசைக்கு வந்துவிடும். பிறகு என்ன அச்சாகும்? ஒன்றுமே ஆகாது. ஆயிரம் எழுத்து இருந்தாலும் திரை காலி! காரணம், ஒரே ஒரு 1!

மூன்றாவது பெட்டி இல்லாமலே இரண்டு எழுத்தை இடம் மாற்றலாம், தெரியுமா? எக்ஸார் என்ற பிட் வித்தையை மூன்று முறை போட்டால் போதும். கேம்பஸ் இன்டர்வியூவில் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் லூப்பில் ‘சிறியது’ என்பதற்குப் பதில் ‘சிறியது அல்லது சமம்’ என்று போட்டீர்களோ, நடு எழுத்து தன்னோடு தானே மோதிப் பூஜ்யமாகிவிடும். அப்போது நம் நிட்ஸ் என்ன ஆகும்? வெறும் எஸ், டி. ஸ்ட்ரிங் அத்தோடு தீர்ந்தது. நாற்றமும் தீர்ந்தது!

இந்த அளவுக் கணக்கை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1988-ல் இணையத்தையே படுக்கவைத்த மோரிஸ் வார்ம் உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று, அளவு பார்க்காமல் ஸ்ட்ரிங் வாங்கும் ‘கெட்ஸ்’ ஃபங்ஷன். ஒதுக்கி வைத்த இடம் 512 பைட். வந்து விழுந்தது 536. வழிந்தது வெறும் 24 பைட்! அந்தக் கெட்ஸை 2011-ல் வந்த தரநிர்ணயம் அடியோடு தூக்கி எறிந்தது. தூக்க ஆன காலம் 23 ஆண்டு!

சரி, இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். இங்கேதான் கச்சேரியே ஆரம்பம்!

நெருப்பெரிச்சல். திருப்பூரின் வடக்கே. நெ, ரு, ப், பெ, ரி, ச், ச, ல். எத்தனை எழுத்து? 8 என்பார் தமிழ் வாத்தியார். 15 என்கிறது யூனிகோடு. 45 என்கிறது சி மொழி! வால் பூஜ்யத்தையும் சேர்த்தால் 46. ஒரே ஊர், மூன்று நீளம்!

அதெப்படி 15? கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாவற்றுக்கும் யூனிகோடில் தனித்தனி எண். ‘நெ’ என்பது ந-வும் கொம்பும். ‘ல்’ என்பது ல-வும் புள்ளியும். அவை ஒவ்வொன்றுக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை 12 எழுத்தில் எழுதுவார்கள். அதற்கு 12 பைட்டே போதும். தமிழுக்கு 45!

அந்த 15-ஐயும் பின்னாலிருந்து அடுக்குங்கள். முதலில் துணையில்லாமல் ஒரு புள்ளி மட்டும் புள்ளிவட்டத்தில் தொங்கும். அதன்பிறகு வருவது என்ன தெரியுமா? லச்சிரெப்புரெந! சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பல் சுளுக்காமல் சொல்ல முடிகிறது! தமிழ் எழுத்து எழுத்தாக ஒழுங்காகத் திருப்பினால்தான் ‘ல்சச்ரிபெப்ருநெ’ என்று வந்து வாயைக் கட்டிப்போடுகிறது. தப்பான விடை இனிக்கிறது, சரியான விடை தொண்டையில் சிக்குகிறது!

திருப்பூருக்கும் இதே கதிதான். புள்ளியைத் தள்ளிவிட்டுப் படித்தால் ‘ரூப்புரித’. ஏதோ பழைய பாளையத்தின் பெயர் போலவே இல்லை?

திருப்பூரை ஆங்கிலத்தில் எழுதினால் இன்னொரு புதையல். டி, ஐ, ஆர், யு, பி, பி, யு, ஆர். முதல் இரண்டு எழுத்தைக் கழற்றிவிடுங்கள். மிச்சம் ஆர், யு, பி, பி, யு, ஆர். முன்னாலிருந்து படித்தாலும் ருப்பூர், பின்னாலிருந்து படித்தாலும் ருப்பூர்! 8 எழுத்து ஊரில் 6 எழுத்து திருப்பினாலும் மாறாது! இதை வேறு யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா?

வண்டிகளின் பதிவு எண்ணையும் விடவில்லை. திருப்பூர் வடக்கு 39, தெற்கு 42. திருப்பினால் 93, 24. ஆனால் தமிழ்நாட்டின் ஜிஎஸ்டி எண் 33-ல் ஆரம்பிக்கும். அதை எப்படித் திருப்பினாலும் 33! மொத்த ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. சி-யில் 16 பைட். திருப்ப 7 இடமாற்றம்.

இலக்கணப் புத்தகத்தில் முதலில் பிறப்பது ‘க்’. அதோடு அகரம் சேர்ந்தால் ‘க’. கம்ப்யூட்டரில் அப்படியே உல்டா! முதலில் ‘க’. அதன்மேல் புள்ளி வைத்தால்தான் ‘க்’. அரை மாத்திரை ஒலிக்கும் க்-க்கு 6 பைட். முழு மாத்திரை ஒலிக்கும் க-வுக்கு 3 பைட். பாதிச் சத்தத்துக்கு இரட்டிப்பு இடம்!

விகடகவி! திருப்பினாலும் விகடகவி. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சி மொழியில் எழுதிய சாதாரண பாலிண்ட்ரோம் புரோகிராமிடம் கேளுங்கள். “இல்லை” என்று அடித்துச் சொல்லும்! எண் எண்ணாகத் திருப்பினாலும் ‘வகடகிவ’ என்றுதான் வரும், அதுவும் முன்னால் ஒரு கொக்கி தனியாகத் தொங்கும். 5 எழுத்து விகடகவிக்கு 7 எண், 21 பைட். தெனாலிராமனையே தோற்கடித்த 21 பைட்!

இன்னொரு பக்கம் பாருங்கள். ‘மலையாளம்’ தமிழில் திருப்பினால் தப்பு. ஆங்கிலத்தில் எழுதினால் 9 எழுத்தும் கச்சிதம். நம்மூர் லேப்களில் பாலிண்ட்ரோம் சோதிக்க இதைத்தான் கொடுப்பார்கள். தமிழில் இருப்பது ஆங்கிலத்தில் இல்லை, ஆங்கிலத்தில் இருப்பது தமிழில் இல்லை!

இப்போது சொல்லப்போவதுதான் இந்தப் பக்கத்தின் தங்கக் கட்டி. நிமிர்ந்து உட்காருங்கள். பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்!

எண்ணாகக்கூடத் திருப்பாமல், சி மொழி செய்கிற மாதிரியே பைட் பைட்டாகத் திருப்புவோம். ‘ர’ என்ற எழுத்து மூன்று பைட்: 224, 174, 176. திருப்பும்போது 176, 174, 224. அதற்கு முன்னால் பக்கத்து எழுத்தின் 224 வந்து நிற்கும். ஆக இப்போது வரிசை 224, 176, 174. அது என்ன எழுத்து தெரியுமா? தெலுங்கு ‘ம’! தமிழ் ர திரும்பிப் பார்த்தால் தெலுங்கு ம!

தற்செயல் என்று நினைத்தீர்களா? ‘ல’-வைத் திருப்புங்கள். கன்னட ம! ‘ழ’-வைத் திருப்புங்கள். மலையாள ம! ‘ப’ குஜராத்தி ம! ‘ந’ பஞ்சாபியின் குர்முகி ம! ‘த’ இந்திக்காரர்களின் தேவநாகரி ம! சரி, நம்ம ‘ம’-வையே திருப்பினால்? அதன் பைட் 224, 174, 174. எப்படிப் புரட்டினாலும் அதே தமிழ் ம! 7 தமிழ் எழுத்து, 7 மொழி வரிவடிவம், எல்லாம் ம!

‘மரம்’ என்று எழுதி நீங்களே சோதித்துப் பாருங்கள். 12 பைட். திருப்பினால் முன்னால் 2, பின்னால் 1 பைட் உதிரியாகப் போய்க் கேள்விக்குறிச் சதுரமாக நிற்கும். நடுவில் மூன்று எழுத்து மிஞ்சும். தமிழ் ம, தெலுங்கு ம, தமிழ் ம! மரத்தை வெட்டினால் ம ம ம!

நெருப்பெரிச்சலுக்கும் பார்த்துவிட்டேன், விடுவேனா! 45 பைட்டுக்கு 22 இடமாற்றம். நடுவில் இருக்கும் 23-வது பைட் மட்டும் அசையாது. புரட்டி முடித்ததும் குப்பைக்கு நடுவே மின்னுபவை: கன்னட ம 1, தெலுங்கு ம 2, குஜராத்தி ம 2, குர்முகி ம 1. ஆக 4 வரிவடிவத்தில் 6 ம! பல மாநிலத்து ஆட்கள் தைக்க வந்திருக்கும் ஊர்தான். ஆனால் ஊர்ப்பெயருக்குள்ளேயே இத்தனை பேர் குடியிருப்பது யாருக்குத் தெரியும்?

இந்த யுடிஎஃப்-8 முறையைக் கண்டுபிடித்தவர் கென் தாம்சன். கூடவே ராப் பைக். எங்கே கண்டுபிடித்தார்கள்? 1992 செப்டம்பரில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஒரு சாப்பாட்டுக் கடை மேஜையில்! தட்டுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்தில்!

அதைவிட வேடிக்கை கேளுங்கள். சி மொழிக்கு முன்னால் ‘பி’ என்றொரு மொழி இருந்தது. அதை உருவாக்கியதும் இதே கென் தாம்சன்தான்! சி மொழிக்கு முன்னோடியைப் படைத்தவரும் அவரே, தமிழை 3 பைட் ஆக்கியவரும் அவரே!

‘கொங்கு’ என்று இரண்டு முறை எழுதுங்கள். ஒரு தடவை ஒகரக் குறியை ஒரே எண்ணாக அடியுங்கள். இன்னொரு தடவை கொம்பையும் காலையும் தனித்தனி எண்ணாக அடியுங்கள். கண்ணுக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றே. சி மொழியில் ஒப்பிடும் ஃபங்ஷனான ஸ்ட்ர்கம்ப்பிடம் கேட்டால்? “வேறு வேறு!” ஒன்று 18 பைட், இன்னொன்று 21 பைட். கொங்கு நாடு இரண்டாக உடைவது 3 பைட்டில்!

பனியன் கம்பெனிப் பெயர்களின் செல்லப்பிள்ளை ‘ஸ்ரீ’. ஒற்றை எழுத்தாகத்தான் தெரியும். உள்ளே 4 எண், 12 பைட். திருப்பினால் சுழியோடு எல்லாம் உதிர்ந்து ‘ர்ஸ’ ஆகிவிடும். மங்கலம் போயே போச்சு!

ஸ்ட்ரிங் ரிவர்ஸ் அமெரிக்கச் சரக்கு என்று யார் சொன்னது? 7-ம் நூற்றாண்டிலேயே சீர்காழிக்காரர் செய்துவிட்டார்! திருஞானசம்பந்தர் பாடிய திருமாலைமாற்று. மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. 11 பாடல்கள். ஒவ்வொன்றையும் கடைசி எழுத்திலிருந்து படித்தாலும் அதே பாட்டு! முதல் பாட்டை எண்ணிப் பாருங்கள். அடிக்கு 14 எழுத்து. முதல் அடியைத் திருப்பினால் இரண்டாம் அடி வந்து நிற்கிறது!

அந்த 28 எழுத்தில் ஒன்றுகூடக் குறில் இல்லை, மெய்யும் இல்லை. எல்லாமே உயிர்மெய் நெடில்! சி-க்குக் கொடுத்தால் இடைவெளி நீங்கலாக 168 பைட். எண் எண்ணாகத் திருப்பினால் பாட்டில் வரும் ‘நீ’ இரண்டும் ‘நா’ ஆகிவிடும். சம்பந்தர் செய்ததை இன்றைய கம்ப்யூட்டர் செய்தால் தப்பு வருகிறது!

இந்த வித்தைக்குத் தண்டியலங்காரம் இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறது. பெயர் மாலைமாற்று. கெர்னிகனும் ரிட்சியும் பிறக்கப் பல நூற்றாண்டு முன்னாலேயே நம்மிடம் பாடத்திட்டம் தயார்!

சரியாகத் திருப்ப வழியே இல்லையா? இருக்கிறது! 2010 ஜூன் 23. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய அதே நாள். தமிழக அரசு ஆணை போட்டு ‘டேஸ் 16’ என்ற குறியீட்டை ஏற்றுக்கொண்டது. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண். ‘நெ’ ஒரே எண். ‘ல்’ ஒரே எண். 45 பைட் நெருப்பெரிச்சல் அதில் 16 பைட்டுக்குச் சுருங்கும். திருப்பினால் ஒரு கொம்புகூட உடையாது!

யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 128. அதில் நிரம்பியது 72. நம் எழுத்தோ 247! கொம்பையும் புள்ளியையும் சேர்த்துச் சேர்த்துத்தான் சமாளிக்கிறது!

பைத்தான் பக்கம் போனால் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற இலவச நிரல்தொகுப்பு இருக்கிறது. அதில் தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகத் திருப்புவதற்கென்றே ஒரு ஃபங்ஷன். சி-யின் 22-ல் இல்லாதது, தமிழுக்கு இருக்கிறது!

பனியன் கம்பெனிக்குள்ளேயும் ரிவர்ஸ் நடந்துகொண்டே இருக்கிறது. காலர் மெஷினைப் பாருங்கள். கேரேஜ் இடமிருந்து வலம் போய் ஒரு வரிசை பின்னும். திரும்பி வரும்போது அடுத்த வரிசை. அந்த வரிசையின் டிசைனைப் பின்னாலிருந்துதான் படிக்க வேண்டும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, ஷிஃப்ட் முழுக்க ஸ்ட்ரிங் ரிவர்ஸ்!

டி-சர்ட்டில் தொங்கும் டேகை எடுங்கள். பார்கோடு 13 இலக்கம். தலைகீழாகப் பிடித்து ஸ்கேன் செய்யுங்கள். சரியாகவே படிக்கும்! எப்படி? கோடும் வெளியுமாக மொத்தம் 95 கட்டம். இடப்பக்கத்து முதல் இலக்கத்தில் கறுப்புக் கட்டம் எப்போதும் ஒற்றைப்படை. வலப்பக்கத்தில் எப்போதும் இரட்டைப்படை. முதலில் இரட்டைப்படை வந்தால் ஸ்கேனருக்குப் புரிந்துவிடும். டேக் தலைகீழ்! உடனே ஒரு ரிவர்ஸ், அவ்வளவுதான்!

அந்தப் பார்கோடுக்குள்ளேயே இன்னொரு ரிவர்ஸ் ஒளிந்திருக்கிறது. வலப்பக்கத்தில் பூஜ்யத்தின் வடிவம் 1110010. இடப்பக்கத்தில் அதே பூஜ்யத்துக்கு இரண்டு வடிவம். அதில் ஒன்று 0100111. ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், மற்றது கிடைக்கும்! பத்து இலக்கத்துக்கும் இதே கதை!

ஜிஎஸ்1 இந்தியாவில் பதிந்த கம்பெனியின் பார்கோடு 890-ல் ஆரம்பிக்கும். திருப்பினால் 098.

கடைசியாக பில்லுக்கு வருவோம். பின்னலாடை டி-சர்ட்டுக்கு ஹெச்எஸ்என் எண் 6109. ஷிப்பிங் செக்ஷனில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். திருப்பினால் 9016. அதுவும் நிஜமான எண்தான்! என்ன சரக்கு தெரியுமா? 5 சென்டிகிராம் வரை துல்லியமாக நிறுக்கும் தராசு! டி-சர்ட்டைப் புரட்டினால் தராசு!

இன்னும் கேளுங்கள். 6109 என்ற எண்ணை எழுத்தாக மாற்றும் ஃபங்ஷன் ஒன்று கெர்னிகன், ரிட்சி புத்தகத்தில் இருக்கிறது. அது இலக்கங்களைக் கடைசியிலிருந்து பிடுங்கும். 9, 0, 1, 6. பிறகுதான் ரிவர்ஸைக் கூப்பிடும். அதாவது உங்கள் டி-சர்ட், நொடியில் ஒரு துணுக்கு நேரமாவது மெமரியில் தராசாக இருந்துவிட்டுத்தான் வருகிறது!

பருத்தி நூலின் 5205-ஐத் திருப்பாதீர்கள். 5025 என்று ஒரு தலைப்பே கிடையாது. 50-ம் அத்தியாயம் பட்டோடு 5007-லேயே முடிந்துவிடுகிறது!

ஆனால் பின்னல் துணிக்கு ஒரு எண் இருக்கிறது, 6006. பின்னல் கையுறைக்கு 6116. இரண்டையும் எந்தப் பக்கமிருந்து வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள். 6006, 6006! 6116, 6116!